தள்ளி ஊத்துன சுடுதண்ணி

மீனம்மா என் வீட்டுக்காரரோட தங்கச்சி. தேயிலைத் தோட்டத்துல ஒரே லய வரிசை, ரெண்டு காம்பரா தள்ளி அவ வீடு. கடனா ஒரு வெங்காயம் வாங்கினாக்கூட திருப்பிக் குடுக்கிறப்ப பெருசாப் பாத்துத்தான் குடுப்பா. அடுத்த வீட்டுக் கோழி இவ வாசல்ல முட்டை போட்டாலும் கையில ஏந்திக்கிட்டு ஓடுவா. அப்பேர்ப்பட்டவளா இப்படிச் செஞ்சான்னு எனக்கு இன்னும் ஆறல.

அவ மகன் நிரஞ்சனுக்குக் கட்டாருல கட்டட வேலை. போன வருசம் சாரத்துலேருந்து விழுந்து கால் ஒடைஞ்சிருச்சு. பெத்தவ என்ன செய்வா? இங்க டயகமயில இருந்துகிட்டு கட்டாருக்கு ஓடவா முடியும்? பூசாரிகிட்ட ஓடினா. பையனுக்கு ஏழரைச் சனி, சனிக்கிழமை தவறாம எறும்புக்குச் சீனியும் ரவையும் போடு, அந்தப் புத்துக்கு ஒரு கேடும் வராமப் பாத்துக்கன்னு அவரு சொல்லிட்டாரு.

இவ வீட்டுத் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுக் கிருஷாந்தி தோட்டத்துக்கும் நடுவுல ஒரு கல்லு கெடக்கு. அதுக்கடியில கறுப்பெறும்பு. அங்கேயே போட ஆரம்பிச்சா. தேத்தண்ணிக்குச் சீனி இல்லாத அன்னைக்கும் எறும்புக்கு இருக்கும். கொஞ்ச நாள்ல மகன் போன் எடுத்து, "கம்பு ஊண்டி நடக்கிறேம்மா"ன்னான். அவ்வளவுதான். அவன் காலத் தாங்குறதே அந்த எறும்புதான்னு இவ மனசுல பதிஞ்சு போச்சு.

கிருஷாந்தி புள்ளத்தாச்சி. மலையேறிக் கொழுந்தெடுக்க முடியலைன்னு வேலைக்குப் போறத நிறுத்திட்டா. வீட்டுக்குப் பின்னால போட்ட போஞ்சிக் கொடிதான் அவ நம்பிக்கை. கொடி ஆளுயரத்துக்குப் பூவும் பிஞ்சுமா நின்னுச்சு. "பெரியம்மா, இந்தக் காய வித்துத்தான் பாப்பாவுக்குத் துணிமணி எல்லாம்"னு மீனம்மாகிட்டதான் வந்து வந்து சொல்லுவா. தாயில்லாத புள்ள, இவகிட்ட ஒட்டிக்கிட்டா.

அப்பத்தான் பாழாப்போன செடிப்பேன் வந்துச்சு. குருத்தெல்லாம் கறுப்பா அப்பிக்கிட்டு, எல சுருண்டு, பூ கொட்டத் தொடங்கிருச்சு. கழுவினாப் போகும், மறுபடி வந்துரும். மீனம்மாவும் சவுக்காரத் தண்ணி கலக்கிக்கிட்டுப் போயி, கூட நின்னு எல எலயாக் கழுவிக் குடுத்தா. மருந்தடிக்கக் கிருஷாந்தி சம்மதிக்கல. வயித்துல புள்ள இருக்கிறப்ப வீட்டுப் பக்கம் நஞ்சே வேணாம்னுட்டா.

தலவாக்கலையில விதை விக்கிற ஃபாஸில் நானாகிட்டப் போயிக் கேட்டிருக்கா. அவரு, "பேன விடுங்க தங்கச்சி, எறும்பப் பாருங்க. பேன் விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்புதான் அதக் காவல் காக்குது. புத்துல கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டுக் கொடியக் கழுவுங்க, கொறைஞ்சிரும்"னு சொல்லியிருக்காரு.

இத அவ வந்து சொல்றப்ப நானும் மீனம்மா வீட்டுலதான் இருந்தேன். மீனம்மா மொகம் செத்துப் போச்சு.

"புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு நான் ஒரு உசுரக் கொல்லக்கூடாது பெரியம்மா. எங்க வீட்டுக்காரரும் கூடாது. நீங்கதான் ஊத்தித் தரணும்"னா கிருஷாந்தி.

"விடு, நான் ஊத்துறேன்"னு எந்திரிச்சேன். மீனம்மா என் கையப் புடிச்சு அழுத்தினா. "இருங்க மதினி. நானே ஊத்துறேன்."

கேத்தல் கொதிச்சதும் தூக்கிக்கிட்டுப் போனா, பின்னாலயே நானும் போனேன். கிருஷாந்தி அவ பின்வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. மீனம்மா கல்ல அசைக்கவே இல்ல. முதுகால மறைச்சுக்கிட்டு, ஒரு முழம் தள்ளி, வெறும் மண்ணுல ஊத்தினா. ஆவி கெளம்பிச்சு. அந்தப் புள்ள நிம்மதியா உள்ள போயிட்டா.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "அடி பாவி, உன்ன நம்பின புள்ளைய இப்படியாடி ஏமாத்துவ? வெக்கமா இல்ல?"ன்னு புடிச்சு ஏசினேன்.

"நீங்க அவனுக்கு அத்தைதான மதினி? நிரஞ்சன் கால் மறுபடி ஒடைஞ்சாலும் பரவாயில்லன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போயிப் புத்துல ஊத்துறேன்"னா.

எப்படிச் சொல்லுவேன்?

அதுலேருந்து மீனம்மா மீனம்மாவா இல்ல. விடிய முன்னாடியே போயி கிருஷாந்தி கொடியத் தனியாக் கழுவுவா. தன் பாத்தியில வெளைஞ்ச முட்டைக்கோவாவ வெட்டி அவ வாசல்ல வச்சிட்டு, திருடி மாதிரி ஓடி வந்துருவா. தட்டுல சோறு போட்டுப் பெசைஞ்சுக்கிட்டே இருப்பா. ஆனா சனிக்கிழமை வந்தா சீனி டின்னக் கையில எடுத்துருவா.

கொடி போயிருச்சு. எல்லாத்தையும் புடுங்கிப் போட்ட அன்னைக்கு, மிச்சமா நல்லதா கெடைச்ச ஒரு புடி போஞ்சிய முந்தானையில கட்டிக்கிட்டு கிருஷாந்தி வந்தா. "எனக்காக எவ்வளவு பாடுபட்டீங்க பெரியம்மா. ஒரு கறி வைங்க."

மீனம்மா பொட்டுன்னு ஒடைஞ்சு போயிட்டா. "அய்யோ, எனக்குத் தராத புள்ள! அன்னைக்கு நான் புத்துல ஊத்தல. தள்ளி ஊத்தினேன். என் மகனுக்காக அந்த எறும்புக்குத் தீனி போடுறவளே நான்தான்"னு கதறினா.

கிருஷாந்தி சத்தம் போடல. "தெரியும் பெரியம்மா. மறுநாளே எறும்பு வரிசையாப் போச்சு. கல்லுப் பக்கம் போயிப் பாத்தேன், சீனி கெடந்துச்சு. நிரஞ்சன் அண்ணனுக்குத்தான்னு அப்பவே வெளங்கிருச்சு. அதான் வேற யாரையும் ஊத்தச் சொல்லல"ன்னா. வயித்துல கைய வச்சுக்கிட்டு, "இதுக்குன்னா நானும் தள்ளித்தான் ஊத்தியிருப்பேன்"னு சொல்லிட்டுப் போஞ்சிய மீனம்மா மடியில வச்சிட்டுப் போனா.

அவ போயி ரொம்ப நேரமாகியும் மீனம்மா எந்திரிக்கல. நான்தான் போஞ்சிய அரிஞ்சு, கறி வச்சு, தட்டுல போட்டு முன்னால வச்சேன். ஒரு வாய் எடுத்தா. முழுங்க முடியாமத் திரும்பத் தட்டுலயே வச்சிட்டா.

"அவ நாலு வார்த்தை ஏசியிருந்தா இது எறங்கியிருக்கும் மதினி"ன்னா.