பூச்சியமாக வாசிக்கப்பட்ட பதினெட்டு

நான் வேலைசெய்த இரத்மலானைக் கம்பனி, ஐஸ் பக்டரிகளுக்குக் கண்காணிப்புப் பெட்டிகள் செய்தது. குழாயில் அமோனியா வாயுவின் அமுக்கம் எல்லையைத் தாண்டினால் பெட்டி குளிர் மெஷினை நிறுத்திவிடும். அந்த எல்லையை ஆட்கள் பெட்டியின் திரையிலோ போனிலோ தட்டுவார்கள். தட்டியது எழுத்தாகத்தான் உள்ளே வரும். அதை எண்ணாக மாற்றுவது கேர்னலில், இயங்குதளத்தின் அடியில், இருந்த எங்கள் நிரல்.

அதில் அந்த மாற்றத்தைச் செய்வது ஒரு பழைய ஃபங்ஷன். இலக்கமல்லாத எதையாவது கண்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிழை என்று சொல்லாது. தொடக்கமே இலக்கமாக இல்லாவிட்டால் பூச்சியத்தைத் தரும். எங்கள் பெட்டியிலோ பூச்சியம் என்றால் எல்லையே இல்லை. பிழையானதை மறுக்கும் புதிய ஃபங்ஷன் கேர்னலில் ஏற்கெனவே இருந்தது. அதைப் போட்டு மனேஜரிடம் காட்டினேன்.

“ஓடுறதில ஏன் கை வைக்கிறீங்க? ஷிப்மென்ட் போகட்டும், பிறகு பாப்பம்.”

ஷிப்மென்ட் போனது. மழைக்காலத்தில் மட்டக்குளி பக்டரி ஒன்றில் குழாய் வெடித்து அமோனியா பரவியது. பெட்டியைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். வாசலிலேயே கண் எரிந்தது. எல்லை பூச்சியத்தில் நின்றது. பக்டரி சுப்பர்வைசர் போனில் வந்த செய்தியிலிருந்து இலக்கத்தைக் கொப்பி பண்ணிப் போட்டிருந்தார். அதன் முன்னால் ஒரு சமக்குறியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

“சத்தியமா பதினெட்டுத்தான் போட்டனான். பிழையெண்டு ஒண்டும் காட்டேல்லையே,” என்றார்.

“ஓம், அது காட்டாது,” என்றேன்.

கம்பனியின் அறிக்கை ‘பாவனையாளர் தவறு’ என்றது. நான் கையெழுத்துப் போடவில்லை. சுப்பர்வைசரைப் பக்டரிக்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் திருத்தத்தைக் கம்பனி அந்த வாரமே சேர்த்துக்கொண்டது.

குழாயருகே நின்ற தொழிலாளிக்கு இரண்டு கண்ணும் போயிற்று. தொடர்மாடியில் அவருடைய வீட்டுக்குப் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். மனைவிதான் கேட்டார்:

“இது முன்னமே தெரியுமா உங்கட ஆக்களுக்கு?”

“தெரியும். நான் சொன்னனான்.”

“அப்ப கோர்ட்டில வந்து சொல்லுவீங்களா?”

கோர்ட்டில் சாட்சி சொன்னேன். வேலையையும் விட்டேன். இப்போது வெள்ளவத்தை பிளாட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போகிறது. போன தவணைக்குக் கண்ணிழந்த தொழிலாளி வரவில்லை. மனைவி மட்டும் தனியாக வந்து, கோர்ட் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.