அண்ணி வரைந்த நாற்காலிகள்

என் அக்காவுக்குச் சின்ன வயதில் ஓடத் தெரியாது. தெரியாது என்பதைவிட, விடவில்லை என்பதுதான் சரி. நான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு தெருவெல்லாம் திரிவேன். அவள் கதவுக்கு உள்ளே நின்று பார்ப்பாள். "விழுந்து மூஞ்சியில அடிபட்டா என்ன ஆகிறது? போய் உக்காரு" என்பாள் அம்மா. எனக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் ஓடியது நான்தான்.

எங்கள் தெருமுனையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, ஸ்டுடியோக்காரர் அக்காவை மட்டும் இன்னொரு படம் எடுத்துக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டிவைத்தார். அதைப் பார்த்துச் சோப்பு விளம்பரக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். அப்புறம் தையல் மிஷின், மெத்தை, பற்பசை. பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அக்காவின் பல்வரிசை ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அப்பா பஸ் டிரைவர். அவர் ஓட்டிய பஸ்ஸின் முதுகிலேயே ஒருமுறை அக்காவின் படத்தை ஒட்டினார்கள். மகளைச் சுமந்துகொண்டு அவர் ஊரைச் சுற்றினார். அதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "மழையில கிழிஞ்சிடப் போகுது."

அந்த வேலையில் அக்காவுக்கு ஆசை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. தாடையைத் தூக்கு, தோளை இறக்கு, சிரி, இவ்வளவு வேண்டாம், கொஞ்சமாகச் சிரி. இதையே நாளெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். சாப்பிடும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இருக்காது. "என்னடி உம்முனு இருக்கே?" என்று அம்மா கேட்டால், "மூஞ்சிக்கு லீவு" என்பாள்.

நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது. மாப்பிள்ளை நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கல்யாணம் செய்துகொண்டது போட்டோவை. வீட்டுக்கு வந்தது ஆள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சண்டை சச்சரவு பெரிதாக ஒன்றுமில்லாமல் அவர் அவர் வழியில் போனார், அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

முப்பதைத் தாண்டியதும் விளம்பரத்துக்கு வேறு பெண்கள் வந்துவிட்டார்கள். டிவி தொடரில் கூப்பிட்டார்கள். வேஷம் என்ன? கதாநாயகனின் அண்ணி. அடுத்த தொடரிலும் அண்ணி. அதற்கடுத்ததில், மனசு மாறித் திருந்துகிற அண்ணி. மார்க்கெட்டில், ஆஸ்பத்திரியில், லிப்டில், எங்கே போனாலும் "அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான். "ஊரெல்லாம் எனக்குக் கொழுந்தன்டி. ஒருத்தனாவது என் பேரைக் கேக்கட்டுமே" என்று என்னிடம் பொருமுவாள்.

குரலும் அவளுடையது இல்லை. "உங்க குரல் உங்க மூஞ்சிக்குப் பொருந்தலை" என்று முதல் தொடரின் டைரக்டர் சொல்லிவிட்டார். வேறொரு பெண் டப்பிங் பேசினாள். ஒரு அழுகைக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். அவள் போனபிறகு அக்கா சொன்னாள்: "வாயசைச்சது நான், அழுதது அவ. இப்ப இந்தப் பாராட்டை நான் யாருகிட்ட கொண்டுபோய்க் குடுக்கிறது?"

படப்பிடிப்பு என்றால் பெரும்பாலும் காத்திருப்பதுதான். அப்படிக் காத்திருந்த ஒருநாள், வசனத்தாளின் பின்பக்கத்தில் புருவப் பென்சிலால் எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை வரைந்தாள். நாற்காலிக்கு நிழல் வேண்டுமென்று மேக்கப் பெட்டியிலிருந்த பவுண்டேஷனை விரலால் தொட்டுப் பூசினாள். மேக்கப்காரம்மா கத்தினாள்: "ஏம்மா, அது மூஞ்சிக்குப் போடறது! நாற்காலிக்கா போடுவாங்க?" அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் லீவு இல்லை. அந்தத் தாளை என்னிடம் காட்டினாள். உட்கார்ந்தால் உடைந்துவிடும் போலிருந்த, ஒரு கால் வளைந்த நாற்காலி. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது.

முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தாள். பழைய கிடங்கின் மாடியில் பத்துப் பதினைந்து பேர் வரைகிற இடம். வாத்தியார் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நீங்களே வந்துட்டீங்களா! அப்படி ஜன்னல் பக்கத்துல உக்காருங்களேன். அசையாம இருக்க உங்களுக்குச் சொல்லியா தரணும்?" மற்றவர்கள் எல்லோரும் பென்சிலை எடுத்தார்கள். மறுக்க வாய் வராமல் அக்கா உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வகுப்பிலும் அதே நாற்காலி. அதற்கடுத்த வகுப்பிலும். படிக்கவென்று சேர்ந்தவள் மற்றவர்களுக்குப் பாடமாக உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரிக்க வேண்டியதுதானே?" என்று நான் எரிச்சலாய்க் கேட்டேன்.

"உக்காருன்னு சொன்னா உக்காந்துதானே பழக்கம்" என்றாள்.

ஒருநாள் எழுந்தாள். வாத்தியார் "இன்னும் முடியலையே" என்றார். "எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுந்துவந்த வெறும் நாற்காலியை வரைய ஆரம்பித்தாள். வகுப்பில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். அவர்கள் வரைந்துகொண்டிருந்த அக்கா மூக்கோடு நின்றுபோயிருந்தாள்.

சில வருஷங்களில் வீடு முழுக்கப் படங்கள். விளக்குக் கம்பத்தடியில் தூங்குகிற லைட்மேன், பாம்புக் குவியலாய்க் கிடக்கும் ஒயர், கூட்டத்தில் நிற்க வந்து கூப்பிடப்படாமலே மாலையாகிவிட்ட துணை நடிகைகள், நாற்காலிகள், நாற்காலிகள். ஒரு ஓவியக்கூடத்துக்காரர் கண்காட்சி வைக்க முன்வந்தார். அக்கா வெட்கத்தோடு சந்தோஷப்பட்டாள். போய்ப் பார்த்தால், வாசலில் அவள் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து நிறுத்தியிருந்தார்.

கூட்டம் அலைமோதியது. எல்லோரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அக்காவோடு செல்பி எடுத்தார்கள். "உங்களை நீங்களே வரைஞ்சிருந்தா நாங்க வாங்கியிருப்போம் அண்ணி" என்றார் ஒருவர். மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது: அழகான நடிகையின் அழகான பொழுதுபோக்கு. அக்கா அதைப் படித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அன்று தேய்த்த தேய்ப்பில் வாணலிக்கு உயிர் போயிருக்கும்.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. மறுபடியும் அண்ணி. ஆனால் இந்த அண்ணி ஓவியர். அக்கா வீட்டிலிருந்து தன் தூரிகைகளையே எடுத்துக்கொண்டு போனாள். செட்டில், ஏரியும் இரண்டு அன்னப்பறவைகளுமாக ஒரு படம் முழுதாக வரைந்து தயாராக நின்றது. கையில் ஒரு காய்ந்த தூரிகையைக் கொடுத்தார்கள்.

"பெயிண்ட் எங்கே?" என்றாள்.

"பெயிண்ட் வேணாம், டிரஸ்ல பட்டுடும்" என்றார் டைரக்டர். "நீங்க வரையவே வேணாம். வரையற மாதிரி இருந்தா போதும்."

இரண்டு டேக் அப்படியே செய்தாள். மூன்றாவது டேக்குக்கு முன்னால், சுவருக்குப் பூச வைத்திருந்த வாளியில் தூரிகையை முக்கினாள். கேமரா ஓடுகிறது. அன்னப்பறவைகளுக்கு நடுவே, தண்ணீருக்கு மேலேயே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எழும்ப ஆரம்பித்தது.

"கட்! அண்ணி, என்ன பண்றீங்க?"

"வரையறேன்."

"அதான், ஏன்?"

 டைரக்டர் கேட்ட அந்த "ஏன்?" என்பதைத்தான் என்னிடம் வந்து திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அன்னப்பறவை நாற்காலியை நினைத்துச் சிரித்துவிட்டேன். "சிரிக்காதடி" என்றாள். குரல் உடைந்திருந்தது. "இத்தனை வருஷத்துல கேமரா முன்னாடி நான் உண்மையாச் செஞ்ச ஒரே காரியம் அது. அதைத்தான் கட் பண்ணாங்க." அழுகிற பழக்கம் இல்லாதவள் அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் டீ போட்டேன்.

அந்த வாரமே தொடரில் அண்ணி காரில் வெளியூர் கிளம்பிப் போனாள். கார் திரும்பி வரவில்லை. அவள் போட்டோவைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அந்த வீட்டில் யாருக்குத் துக்கம் வந்தாலும் அந்தப் போட்டோவின் முன்னால் நின்றுதான் அழுதார்கள். தொடர் முடியும்வரை அக்கா, ஒருநாள்கூடப் போகாமல், அதில் நடித்தாள்.

அதற்குப் பிறகு தொடர் பக்கம் போகவில்லை. எப்போதாவது மூட்டுவலித் தைலத்துக்கு முகத்தைக் கொடுப்பாள். மற்ற நாளெல்லாம் காலையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வரைகிறாள். இரண்டாவது கண்காட்சிக்கு வாசலில் தன் படம் கூடாதென்று சண்டை போட்டு, தானும் போகாமல், என்னை உட்காரவைத்தாள். வந்தவர்கள் "அண்ணி வரலையா?" என்று கேட்டுவிட்டு, குளிர்சாதனத்தில் கொஞ்சம் நின்று, போனார்கள். படங்களை வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். வைக்க இடமில்லாமல் அம்மாவின் கட்டிலுக்கடியில் தள்ளினோம். "என் முதுகுக்குக் கீழே எத்தனை நாற்காலிடி!" என்று அம்மா புலம்பினாள்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு வரைய வேறு ஆள் கிடைக்கவில்லை. அம்மாவையே உட்காரச் சொன்னாள். அம்மா தலை வாரி, பவுடர் போட்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷத்தில் கால் மரத்துவிட்டது, ஈ உட்கார்ந்துவிட்டது, அடுப்பில் ஏதோ இருக்கிறது. "அசையாதேம்மா" என்று அக்கா அதட்டினாள். சின்ன வயதுக் கணக்கையெல்லாம் அந்த அதட்டலில் தீர்த்துக்கொள்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

படம் முடிந்தது. களைத்துப்போய், எரிச்சலோடு, எழுந்துபோகக் காத்திருக்கும் கிழவி ஒருத்தி. அப்படியே அம்மா.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இவ்ளோ சுருக்கம் எனக்கு எங்க இருக்கு? மூக்கு வேற தப்பு. மாத்து."

"மாத்த முடியாது."

"பெத்தவளை இப்படியா போடுவே?"

"இருக்கிறபடிதான் போடுவேன்."

நான்கைந்து நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாச் செய்தியும் என் வழியாகத்தான் போய்வந்தது. அப்புறம் அம்மாவே அந்தப் படத்தைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, டிவிக்கு மேலே மாட்டச் சொன்னாள். இப்போது வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாள்.

"மூத்தவ போட்டது. அவளே போட்டது, எல்லாம் கையால. மூக்கு மட்டும் தப்பு."

உள்ளறையில் வரைந்துகொண்டிருக்கும் அக்கா ஒவ்வொரு முறையும் கத்துகிறாள்: "மூக்கு சரியாத்தாம்மா இருக்கு!"