கடலில் சொன்னது

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

வீராம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிய தகராறில், எனக்கு விவரம் தெரியும் முன்பே அப்பாவும் அவரும் பேச்சை விட்டிருந்தார்கள். ஆனால் கட்டுமரம் ஒன்றுதான். அதனால் கடலுக்குச் சேர்ந்தே போனார்கள். அணியத்தில், அதாவது மரத்தின் முன்முனையில், சித்தப்பா. பின்னால் துடுப்போடு அப்பா. நடுவில் நான். ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வது என் வேலை.

"வலைய இழுக்கச் சொல்லு" என்பார் அப்பா.

"சித்தப்பா, வலைய இழுக்கச் சொல்லுது அப்பா."

"எனக்குக் காது ஒண்ணும் அவிஞ்சிடலன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு."

அதையும் சொல்வேன்.

அன்று திரும்பும்போது மேற்கே கறுத்தது. முதலியார்பேட்டை பஞ்சாலைப் புகைபோக்கியைப் பார்த்துத்தான் கரைக்கு வழி பிடிப்போம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. கச்சான் இறங்கிவிட்டது. மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று மரத்தை நடுக்கடலுக்குத் தள்ளும். பாய் விரிந்திருந்தால் கவிழ்த்தும் விடும். எங்கள் பாய் விரிந்திருந்தது.

"பாய எறக்கச் சொல்லுடா."

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அப்பா சொன்னது சித்தப்பா காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் பாய்க் கயிற்றைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் என் மடிக்கு வந்தது.

"பாய எறக்கு" என்றார் அப்பா, என் தலைக்கு மேலாக. "அணியத்தக் காத்துக்குத் திருப்பு. கல்ல எறக்கு."

நங்கூரக் கல்லை இறக்கக் குனிந்த சித்தப்பாவை ஓர் அலை மூடியது. தலை தெரிந்ததும் அப்பா மறுபடி சொன்னார்: "தம்பி, கயித்த இடுப்புல கட்டிக்கடா."

சித்தப்பா கட்டிக்கொண்டார்.

காற்று ஓய்ந்து கரையேறியதும் வீட்டுக்கு ஓடிப்போய், "அப்பா சித்தப்பாகிட்ட பேசிடுச்சும்மா" என்றேன்.

"கடல்ல சொன்னது பேச்சு இல்ல" என்றார் பின்னால் வந்த அப்பா. "பாயி, அணியம், கல்லு. அது தொழிலு." சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவும் இதையேதான் சொன்னாராம்.

"வேற ஒண்ணும் சொல்லலயாடா?" என்று அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். அப்பா வாயிலிருந்து தம்பி என்ற சொல்லை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அதுவும் அணியம், கல் போல மரத்தில் சொல்லும் ஒரு சொல் என்றே நினைத்துக்கொண்டேன்.

தேர் இழுத்த ஆடி வெள்ளி, சாயங்காலம் எழுதியது.