கல்யாணத்துக்குப் போன பறவை கேமரா

கல்யாண வீட்டில் ஒரு பெரிய மனிதர் சாப்பிடாமல் கிளம்பினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தங்கை மகள் காவ்யாவின் ரிசப்ஷனில் அது நடந்தது. கிளம்பியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. சீர்வரிசையில் குறை இல்லை, பந்தியில் இடம் கிடைக்காமலும் போகவில்லை. காரணம் நான்... சரியாகச் சொன்னால், என் கையில் இருந்த கேமரா.

முதலில் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புத்தம் புதுசு. மிரர்லெஸ். புரொஃபஷனல்கள் வைத்திருக்கிற வகை, ஆனால் சைஸ் சின்னது — பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குப் பறவைகள் வருகின்றனவே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள். வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை.

அதில் இருக்கும் வசதிகளில் பாதி எனக்குப் புரியவில்லை. மீதிப் பாதி இருப்பதே தெரியாது. மெனுவுக்குள் போனால் அதற்குள் ஒரு மெனு, அதற்குள் இன்னொன்று... திரும்பி வர வழி தெரியாமல் பேட்டரியைக் கழற்றித்தான் வெளியே வந்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் சிப்காட் தொழிற்பேட்டையில் மெஷின்களோடு வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவன்.

என் முழியைப் பார்த்துக் கடைக்காரரே இரக்கப்பட்டு, எல்லாவற்றையும் பறவைக்கென்று செட் பண்ணிக் கொடுத்தார். படம் எடுக்கும்போது சத்தம் வராது; பறவை பயப்படாது. பறவை எங்கே இருந்தாலும் அதன் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். அது மட்டுமா? பட்டனை லேசாக அழுத்திப் பிடித்திருந்தால் போதும், முழுசாக அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பதிந்துவிடுமாம். மீன்கொத்தி பறந்த பிறகு நாம் விழித்துக்கொண்டாலும், கிளம்பிய படம் கிடைக்கும்.

நடந்து முடிந்ததை எப்படி ஐயா படம் எடுக்க முடியும்? கேட்டேன். விளக்கினார். இன்னும் குழம்பிப் போனேன். எதையும் தொடாமல் அப்படியே பயன்படுத்துங்கள் என்று சொல்லி அனுப்பி வைத்தார். நானும் எதையும் தொடவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம், பெங்களூரில் இருந்து வர வேண்டிய போட்டோகிராபர் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். ஓசூரில் போட்டோகிராபரே இல்லையா என்று நான் அப்போதே கேட்டேன். என் தங்கை வசந்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடியோக்காரர் மட்டும் உள்ளூர் ஆள், நேரத்துக்கு வந்து லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும். வரிசையோ ஹால் வாசலைத் தாண்டிவிட்டது. அதில் பாதிப் பேர் நைட் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள்.

“கேமரா வாங்கி வெச்சிருக்கியே, எதுக்குண்ணா? போய் நில்லு” என்றாள் வசந்தா.

மேடைமேல் பெருமையாக நிற்க வேண்டிய தாய்மாமன், மேடைக்கு எதிரே கேமராவோடு போய் நின்றேன்.

முதல் படத்திலேயே தகராறு. மேடை அலங்காரத்தில் ஒரு பிளாஸ்டிக் மயில் இருந்தது. என் கேமரா பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேராக மயிலின் கண்ணில் போய் நின்றுகொண்டது! எப்படித் திருப்பினாலும் மயில்தான். கடைசியில் காவ்யாவை ஒரு அடி தள்ளி நிற்கச் சொல்லி மயிலை மறைத்தேன்.

ஆனால் பெரிய தகராறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மேடை ஏறியவர்கள் இறங்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். நாம் மேடை ஏறுகிறோம். பரிசைக் கொடுத்தும் கொடுக்காமலும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறோம். பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்கிறது. அப்புறம்தானே கையை விடுகிறோம், காலை எடுக்கிறோம்? இறங்கலாம் என்று நமக்கு உத்தரவு கொடுப்பதே அந்த வெளிச்சம்தான். என் கேமராவில் ஃபிளாஷே கிடையாது. இந்த மாதிரி கேமராவில் இருக்காதாம், தனியாக வாங்கி மாட்ட வேண்டுமாம். சத்தமும் இல்லை. நான் எடுத்து முடித்துவிட்டுப் பார்த்தால், அவர்கள் சிரித்த வாய் மூடாமல் நிற்கிறார்கள். இவ்வளவு நம்பிக்கையாக நிற்கிறார்களே, ஒருவேளை நான்தான் இன்னும் எடுக்கவில்லையோ? எனக்கே சந்தேகம் வந்து மறுபடி எடுக்கிறேன். அவர்கள் இன்னும் நிற்கிறார்கள். யாருக்காக யார் காத்திருக்கிறோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் முனியப்பா மேடை ஏறினார். பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். மாப்பிள்ளை நவீன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் அப்பா தவறிவிட்டார். வளர்த்து, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பியது எல்லாம் இந்தப் பெரியப்பாதான். அன்றைக்கு அப்பா ஸ்தானத்தில் நின்றவர் அவர்.

குடும்பத்தோடு போய் நவீன் பக்கத்தில் நின்றார். நான் பட்டனை லேசாகப் பிடித்தபடி எல்லாரும் படத்துக்குள் வருகிறார்களா என்று பார்த்தேன். முழுசாக அழுத்தி, கையை எடுத்தேன். திரையில் ஏதோ ஒரு மெனு வந்து உட்கார்ந்துகொண்டது. எடுத்ததா, இல்லையா? குனிந்து நோண்ட ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது, பின்னால் இருந்தவர்கள் நெருக்கித் தள்ளியதில் அவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வசந்தா ஓடி வந்தாள். முகமே சரியில்லை.

“மாப்பிள்ளையோட பெரியப்பா சாப்பிடாம கெளம்பறாருண்ணா. எல்லாரையும் எடுத்தாங்க, எங்கள மட்டும் நிக்க வெச்சு அனுப்பிட்டாங்கன்னு சொல்றாராம். காலையில முகூர்த்தத்துக்கு வராம போயிட்டா என்ன பண்றது?”

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அந்த வீட்டுக்குப் போய் வாழப் போகிற பெண்ணின் அம்மா அல்லவா? கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

முனியப்பா வேனில் ஒரு காலை வைத்துவிட்டார். எடுத்துவிட்டேன் அண்ணா, சத்தம் வராத கேமரா அண்ணா என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எடுத்தா எங்களுக்குத் தெரியாதா சார்? வெளிச்சம் வரல, சத்தம் வரல. கையளவு டப்பாவ வெச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னீங்க.”

திரையைத் தட்டினேன். உள்ளே எதுவும் இல்லாவிட்டால் நான் தொலைந்தேன். நல்லவேளை, இருந்தது. ஆனால் அவர் நேராக நின்று கேமராவைப் பார்க்கும் படம் ஒன்றுகூட இல்லை. நான் முழுசாக அழுத்துவதற்கு முந்தைய அந்த ஒரு நொடிதான் இருந்தது. வியர்த்து வழியும் நவீனின் முகத்தைத் தன் தோள் துண்டால் துடைத்துவிடுகிறார் — குளிப்பாட்டிய குழந்தைக்குத் துடைப்பது போல. அவன் தலையைக் குனிந்து கொடுக்கிறான். அவர் கண்ணில் நீர் முட்டி நிற்கிறது. அன்றைக்கு நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். நான் எடுத்தேன் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இத அழிச்சிடுங்க சார். ஆம்பள மேடையில நின்னு அழுவுறான்னு உங்க பக்கத்து ஜனங்க என்ன நினைப்பாங்க?”

அவர் கண் முன்னாலேயே குப்பைத்தொட்டி பட்டனை அழுத்தினேன். படம் போனது. கையைப் பிடித்துக் கெஞ்சி, இன்னொரு முறை மேடைக்கு வரச் சொன்னேன். வந்தார்.

வெளிச்சத்துக்கு என்ன செய்வது? வழி கண்டுபிடித்தவள் வசந்தாதான். நான் தலையாட்டினால் உடனே லைட்டை ஒரு முறை அணைத்துப் போடுங்கள் என்று வீடியோக்காரரிடம் சொல்லிவிட்டாள். முனியப்பா கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து விறைப்பாக நின்றார். எடுத்தேன். தலையாட்டினேன். லைட் அணைந்து எரிந்தது. ‘ம்’ என்று இறங்கி நேராகப் பந்திக்குப் போனார். அதன் பிறகு வரிசை தடதடவென்று நகர்ந்தது. அவர் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்று வசந்தா வந்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், அழித்த படம் அப்படியே இருக்கிறது! இந்தக் கேமராவில் இரண்டு மெமரி கார்டாம். ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் எழுதி வைக்குமாம். நான் அழித்தது ஒன்றில் மட்டும்.

அவர் அழிக்கச் சொன்னார், இதையும் அழித்துவிடுங்கள் என்றாள் மனைவி. அது நவீனுக்குச் சேர வேண்டிய படம், அவனுக்கு அனுப்பு என்றாள் வசந்தா. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பிரச்சினை. கார்டைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

படம் எடுப்பது யாருக்குமே தெரியக் கூடாது என்று கேமரா கம்பெனிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நமக்கோ, எடுப்பது தெரிந்தால்தான் அது போட்டோ. விறைப்பாக நிற்கும் படம் இப்போது பாகலூர் வீட்டு ஹாலில் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறதாம், காவ்யா சொன்னாள். அந்தப் படத்தில் இருப்பவர் நிஜமா, டிராயருக்குள் துண்டோடு நிற்பவர் நிஜமா? எனக்கு இன்னும் தெளியவில்லை.

நேற்று முனியப்பாவிடமிருந்து போன். மழையைப் பற்றிப் பேசினார், ரோஜா விலையைப் பற்றிப் பேசினார். நவீனும் காவ்யாவும் கம்பெனிக்குப் பக்கமாக ஓசூரிலேயே வீடு பார்த்துப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

“அன்னிக்கு ஒண்ணு அழிச்சீங்களே சம்பந்தி... அது நெசமாவே அழிஞ்சிடுச்சா?”

டிராயரைப் பார்த்தேன். இந்தக் கேமராவில் எப்படி முழுசாக அழிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை அண்ணா என்று உண்மையைச் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. கத்துக்காதீங்க.”