அம்மா கேட்ட வீடு

இந்த நினைவு மலரின் முகப்பில், அம்மாவின் படத்துக்குக் கீழே 'பொறுமையின் உருவம்' என்று போடச் சொன்னார் பெரியப்பா. அந்த வரி கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது, சுற்றிலும் பூ வேலை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார் அச்சகத்துக்காரர். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் அம்மா பொறுமைசாலி இல்லை. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் நேரக் காப்பாளரிடம் போய்ச் சண்டை போடுபவர். அவரைப் பொறுமைசாலி ஆக்கியது நாம்தான். ஓராண்டு நிறைவுக்கு வந்து இதைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களில் பலரும் இந்தக் கதையில் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

அம்மா நெமிலிப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கடைசிப் பெண்ணாகப் பிறந்தார். பத்தாம் வகுப்பு முடித்ததும் மேலே படிக்க ஆசைப்பட்டார். அதற்குள் ஆம்பூரிலிருந்து அப்பா வீட்டார் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அப்பா அப்போது ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் சேர்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனாலும் வீடு பார்க்கப் போனாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துப் பார்ப்பார்கள். தாகத்துக்காக இல்லை. தோல் பதனிடும் ஊர்களில் கிணறெல்லாம் உப்பாகிப்போனதால் வந்த பழக்கம். அன்றும் குடித்திருக்கிறார்கள். பெரியப்பா முகத்தைச் சுளித்து, "தண்ணி சப்புன்னு இருக்குதே" என்றாராம். அம்மா வீட்டார் சீர்வரிசையில்தான் ஏதோ குறை சொல்கிறார் என்று பயந்துபோனார்களாம். இதை அம்மா பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணமாகி ஆம்பூர் வந்த முதல் நாள், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார் அம்மா. அன்றிலிருந்து குடமும் அவரும்தான். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். குழாயில் என்றைக்கு வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வராத நாட்களில் லாரி. லாரி ஹாரன் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடுவார். அப்பா குளித்துவிட்டு வரும்போது சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு நிறைய நல்ல தண்ணீர் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று அப்பா யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

குடம் சுமந்த நேரம் போக மிச்ச நேரத்தில் அம்மா ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுத்தார். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். மெழுகு நூல் அறுத்து அறுத்து அம்மாவின் சுண்டுவிரல் ஓரத்தில் தோல் தடித்துப் போயிருந்தது. என்னையும் தம்பியையும் படிக்க வைத்ததில் அப்பாவின் சம்பளத்துக்குச் சமமாக அந்த விரலுக்கும் பங்கு உண்டு. நான் இன்று ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தம்பி ஓசூரில் இன்ஜினியர்.

அம்மா தனக்காகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலூரை ஒட்டியிருக்கும் சத்துவாச்சாரிக்குக் குடிபோக வேண்டும் என்றார்.

தம்பிக்கு இழுப்பு இருந்தது. தோல் பதனிடும் ஷாப் வாடை இல்லாத இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தானாகவே விசாரித்து ஒரு வாடகை வீட்டைப் பார்த்து வைத்தார். ஹைவேயிலிருந்து நடக்கிற தூரம், பக்கத்தில் பள்ளிக்கூடம், சமையலறைக்குள்ளேயே குழாய். அப்பா எதற்கும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார். "நாலு பேரக் கேட்டு செய்யலாம்" என்பார். அப்படியே நாலு பேரைக் கேட்டார். பெரியப்பா, அத்தை, அத்தை வீட்டுக்காரர், கம்பெனியில் கூட வேலை செய்யும் தோஸ்த் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வீடு பார்க்கப் புறப்பட்டோம்.

வீட்டுக்காரம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். பெரியப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்னும் டேஸ்டே இல்லியேடா. மருந்து ஜாஸ்தி போட்டிருப்பாங்க" என்றார் பெரியப்பா.

"ஆமாண்ணே. நமக்கு ஒத்துக்காது" என்றார் அப்பா.

அத்தைக்கும் ஒத்துக்காது என்று பட்டது. அத்தை வீட்டுக்காரருக்குக் குடித்த உடனேயே தொண்டையைக் கட்டிக்கொண்டது. பின்னால் நின்ற அம்மா தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தார். "இதாங்க தண்ணி. நீங்க இவ்ளோ நாளா குடிச்சதுதான் தண்ணி இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. உப்பிலேயே வளர்ந்த நாக்குகள் நல்ல தண்ணீரைக் குறை சொல்லிவிட்டு வேன் ஏறின. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் எரிகிறது. ஒரு குடும்பம் எங்கே வாழ்வது என்பதை முடிவு செய்ய இத்தனை நாக்குகள் எதற்கு? வீட்டுக்குப் போனதும் குடம் தூக்கப்போவது அதில் யார்?

அடுத்த சில வருஷங்கள் அம்மா விடாமல் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அப்பா "பாக்கலாம்" என்றார். எனக்கு வேலூரில் வேலை கிடைத்து, தம்பிக்கும் அங்கேயே கல்லூரியில் இடம் கிடைத்ததும் அம்மா மறுபடி உறுதியாக நின்றார். வீட்டில் இரண்டு பேருக்கு வேலூரில்தான் காரியம் என்றார். இந்த முறை அத்தை குறுக்கே வந்தார். "அண்ணனுக்கு விடியக்காலம் டூட்டி. அங்கேருந்து எப்படி வருவாரு? புருஷன இங்க வுட்டுட்டு வயசுப் பொண்ண கூட்டிக்கினு தனியா குடித்தனமா அண்ணி?" என்றார். அப்பாவும் தலையாட்டினார். கம்பெனி சங்கு ஊதுவதற்குள் சத்துவாச்சாரியிலிருந்து வந்து சேர முடியாது என்றார்.

அம்மா வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு நாள் சத்துவாச்சாரியில் இருக்கும் என் தோழி வீட்டுக்குப் போய்த் தங்கினார். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆம்பூரில் இறங்கி, நேராகக் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றார். அப்பா டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தபோது, வாட்ச்மேன் பக்கத்தில் கையில் பையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாராம்.

"சங்கு இன்னும் ஊதல. பாத்துக்கினீங்களா? நான் உங்களுக்கு முன்ன வந்துட்டேன்" என்றாராம்.

இப்படி ஒரு காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் கெட்டிக்காரி என்று கொண்டாடியிருப்பீர்கள். நம் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? பொம்பளை கம்பெனி கேட்டில் போய் நின்று புருஷனை அசிங்கப்படுத்திவிட்டாள் என்றார்கள். பெரியப்பா நேரில் வந்து அப்பாவுக்குப் புத்தி சொன்னார். அப்பா ஒரு வாரம் அம்மாவுடன் பேசவில்லை. பஸ் சரியான நேரத்துக்கு வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தது. அதற்குத்தானே அவர் போய் நின்றார்.

அதற்குப் பிறகு அம்மா சத்துவாச்சாரி என்ற பேரை எடுக்கவில்லை. முட்டி தேய்ந்து குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் போனதும் பக்கெட்டில் பாதி பாதியாகக் கொண்டுவந்தார். கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னால், குடிக்கச் சரி, சமைக்கக் கட்டுப்படியாகுமா, சும்மா இரு என்று வாயை அடைப்பார். கேட்பதையே நிறுத்திவிட்ட இந்தக் காலத்தைத்தான் நீங்கள் பொறுமை என்கிறீர்கள்.

கடைசியில் அம்மா வேலூருக்குக் குடிபோனது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். எதனால் என்று யாரும் சொல்லவில்லை, நானும் இங்கே யார் தலையிலும் பழி போடவில்லை. தோழி தினமும் தன் வீட்டிலிருந்து கஞ்சியும் தண்ணீரும் கொண்டுவருவாள். ஒரு சாயங்காலம் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு இது எங்கே பிடித்த தண்ணீர் என்று அம்மா கேட்டார். சத்துவாச்சாரி என்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து, "நீங்க குடிக்காதீங்க. உங்களுக்கு சப்புன்னு இருக்கும்" என்றார். அப்பா பாட்டிலை வாங்கி மீதியைக் குடித்தார். அந்த வாரத்திலேயே அம்மா போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த பெரியப்பா, "இந்தத் தண்ணியில எப்படித்தான் காலம் தள்ளினாளோ" என்று வாய்விட்டு அழுதார். அந்த அழுகை பொய் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினீர்கள். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு யோசனை சொன்னீர்கள். பேசாமல் சத்துவாச்சாரியில் வீடு பார்த்துப் போய்விடுங்கள் என்றவர்களே அதிகம். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

எனக்கு டூட்டி. தம்பி ஓசூருக்குத் திரும்பிவிட்டான். வீட்டில் தண்ணீர் பிடிக்க, வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பாதான் மிச்சம். முதல் நாள் குழாய்க்கு எந்தக் குடத்தைக் கொண்டுபோவது என்றே அவருக்குத் தெரியவில்லை. வரிசையில் நிற்கத் தெரியாமல் இரண்டு நாள் வெறும் குடத்தோடு வந்தார். எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா இரக்கப்பட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். லாரி வந்த ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் ஓடி, பால் பொங்கி வழிந்து கிடந்தது. அடுத்த மாதம் பிறப்பதற்குள் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, சமையலறைத் தரையில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"சத்துவாச்சாரியில வீடு பாரும்மா" என்றார்.

"பெரியப்பாவக் கேக்க வேணாமா?"

"யாரையும் கேக்க வேணாம்." குடத்தை ஓரமாக நகர்த்தினார். "இவ்ளோ பேஜாரா இருக்கும்னு அவ சொல்லவே இல்லியேம்மா."

"சொன்னாங்கப்பா" என்றேன். "தெனைக்கும் சொன்னாங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படிப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரு மனுஷி வாயால் சொல்லிப் புரியாதது, ஒரு மாதம் குடம் தூக்கியதும் புரிந்துவிட்டது. அதற்கு அம்மா சாக வேண்டியிருந்தது. இதை எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். முழுக்கப் படித்துப் பார்த்தார். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. 'பொறுமையின் உருவம்' மட்டும் வேண்டாம் என்று அவரும் சொன்னார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். தன் குடத்துக்கு முன்னால் அம்மாவின் குடத்தை வைக்க விட்ட மும்தாஜ் அக்காவுக்கு. ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு அம்மா வரும்வரை காத்திருந்த லாரி டிரைவருக்கு. கஞ்சி சுமந்த என் தோழிக்கும் அவள் வீட்டாருக்கும். ராத்திரி பகல் பார்க்காமல் அம்மாவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கு. நெமிலியிலிருந்து வந்து எல்லாச் சடங்கையும் முன்நின்று நடத்திய மாமாக்களுக்கு. பெரியப்பாவுக்கும் அத்தைக்கும்கூட. பாடை தூக்கியது முதல் பந்தி பரிமாறியது வரை நீங்கள் இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது. உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் யோசனைகளோடுதான் எனக்குச் சண்டை.

வருஷ திதி முடியட்டும் என்று காத்திருந்தோம். இனிக் குடிபோகலாம். சத்துவாச்சாரியில்தான், ஹைவேக்கு இந்தப் பக்கம், இரண்டு அறை வைத்த சிறிய வீடு. போன ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் மட்டும் போனோம். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். ஒரு திருகுதான், தண்ணீர் கொட்டியது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்கள் அம்மா கேட்டது இவ்வளவுதான்.