காலியாகாத சோப்பு பாட்டில்

குறைமாதக் குழந்தைகள் வார்டைக் கூட்டித் துடைக்கும் அந்த அம்மாளுக்கு 'ஏன் அக்கா' என்று நர்சுகள் பெயர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் கேள்விதான். குழந்தை கிடக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏன் சூடு? குட்டி மூக்கில் ஏன் குழாய்? பதில் வராமல் துடைப்பம் நகராது. ஆனால் வேலையில் புலி. கை கழுவுமிடத்தில் சோப்பு பாட்டில் பதினெட்டு வருஷமாகக் காலியானதே இல்லை. பாதி இறங்கினாலே மேலே ஊற்றி நிரப்பிவிடுவார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை!

அந்த வாரம் இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் ஒரே கிருமி. மூன்றாவதாக, ஏன் அக்கா 'சுண்டெலி' என்று கொஞ்சும் ஜன்னலோரப் பிள்ளைக்கும் மூச்சுத் திணறியது. கிருமி எங்கிருந்து வருகிறதென்று பார்க்க, லேப் பெண் பஞ்சுக் குச்சிகளோடு வந்து தண்ணீர்க் குழாய், தராசு, பெட்டி என்று தடவி எடுத்தாள். ஏன் அக்கா சும்மா இருப்பாரா? பின்னாலேயே போனார்.

"ஏம்மா, இது நம்மள ஒண்ணும் பண்ணலையே?"

"ஆள் பார்த்து அடிக்கிற கிருமிக்கா. நம்மகிட்ட சும்மா கிடக்கும். இதுங்களுக்கு எதிர்ப்பு சக்தி ஏது? ரத்தத்துல புகுந்துடும்."

"சோப்பை ஏன் விட்டுட்டே?"

"சோப்புல போய்க் கிருமி இருக்குமா?"

"பாக்காமலே சொல்றியே!"

சிரித்துக்கொண்டே அதிலும் ஒரு குச்சியை நனைத்தாள்.

இரண்டாம் நாள், தடவியதையெல்லாம் வளர்த்துப் பார்த்த தட்டுகளோடு வந்தபோது அவள் சிரிக்கவில்லை. மற்றதெல்லாம் சுத்தம். சோப்புத் தட்டு முழுக்க அதே கிருமி, சிவப்புப் புள்ளிகளாக.

"அக்கா, பாட்டிலை எப்பக் கழுவுனீங்க?"

"காலியானாத்தானே கழுவ!" என்றவர், சொன்ன வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நான்தானா?"

"அடியில தங்குன பழைய சோப்புலதான் வளந்திருக்கு. யாரும் கழுவச் சொல்லலையேக்கா."

"ஊரையெல்லாம் ஏன் ஏன்னு கேக்குறேன். இதை மட்டும் கேக்கலையே பாவி!"

அன்றே பழைய பாட்டில் போனது. கழுவிக் காயாத பாட்டிலில் இனி சொட்டுகூட ஊற்றுவதில்லை. மற்ற இரண்டும் தேறின. சுண்டெலிதான் பன்னிரண்டு நாள் எல்லாரையும் அலைக்கழித்துவிட்டுக் கண் திறந்தது.

வீட்டுக்கு அனுப்ப நாள் குறித்ததும் சுண்டெலியின் தாய் ஏன் அக்காவைக் கூப்பிட்டாள். "நீங்க பேர் வச்ச பிள்ளைக்கா. ஒருதடவை தூக்குங்க."

ஏன் அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நேராக லேபுக்குப் போய் இரண்டு உள்ளங்கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"இதையும் தடவிப் பாரும்மா. பிள்ளை போக இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்குள்ள சொல்லிடுவியா?"