பழுதில்லாத போன்

எனக்கு வாய் நீளம். வேலையில் கெட்டிக்காரி என்று நாலு பேர் சொன்னதில் அது இன்னும் நீண்டுபோயிருந்தது. திருகோணமலையில் வீட்டில் இருந்தபடியே சில சிறிய நிறுவனங்களின் இணையத்தளங்களைப் பராமரிக்கிறேன். தாதி உதவியாளர் பயிற்சி தரும் தனியார் நிலையம் ஒன்றும் அதில் அடக்கம். அவர்களுக்கு விண்ணப்பங்கள் எல்லாம் இணையத்தில்தான்.

அந்தத் தளம் இரண்டு சேர்வர் கணினிகளில் ஓடியது. வருகிறவர்களை வாசலில் மறித்து, இவர் இந்தச் சேர்வருக்கு, அவர் அந்தச் சேர்வருக்கு என்று பிரித்து அனுப்ப ஒரு லோட் பலன்சர் வைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஆட்கள் சம்பளமில்லாமல் எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்து விட்டிருக்கும் மென்பொருள் அது. ஆஸ்பத்திரி வாசலில் நம்பர் துண்டு கொடுப்பவரின் வேலைதான் அதற்கும். ஆனால் ஒருமுறை உங்களை இரண்டாம் அறைக்கு அனுப்பினால், எத்தனை தரம் திரும்பி வந்தாலும் இரண்டாம் அறைக்குத்தான் அனுப்பும். அப்படித்தான் நான் அமைத்திருந்தேன்.

இடைக்கிடை அது ஒவ்வொரு சேர்வரையும் வேலை செய்கிறாயா என்று விசாரிக்கும். பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் ஆட்களை அனுப்பாது. எனக்கும் எச்சரிக்கை வரும். சின்னத் தாமதத்துக்கெல்லாம் போன் அலறுகிறதே என்று எரிச்சல்பட்டு, அந்த விசாரிப்புக்கு, உள்ளே என்ன நடந்தாலும் 'ஓம், வேலை செய்கிறேன்' என்று மட்டும் சொல்கிற ஒரு பக்கத்தை எழுதி வைத்துவிட்டேன். அதன்பிறகு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கிண்ணியாவில் ஒரு அக்கா இருக்கிறார். என் சட்டைகளை அவர்தான் தைப்பார். வயது முப்பத்தொன்பது. அந்தப் பயிற்சிக்கு நாற்பது ஆகிவிட்டால் எடுக்கமாட்டார்கள். அவருக்கு அது கடைசி வாய்ப்பு. விண்ணப்பம் முடிய ஒரு நாள் இருக்கும்போது பஸ் எடுத்து, பாலம் கடந்து என் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு போனை நீட்டினார்.

"எல்லாம் நிரப்பி அனுப்பினா வெள்ளையா நிக்குது தங்கச்சி. ஆறேழு தரம் செஞ்சி பாத்துட்டன்."

நான் என் மடிக்கணினியில் சோதனைக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன். உடனே போனது. காலையிலிருந்து வந்து சேர்ந்த விண்ணப்பங்களையும் அவருக்குக் காட்டினேன்.

"பாருங்கோ, எல்லாருக்கும் போகுது. உங்கட போன்லதான் பிழை அக்கா."

அவருடைய சான்றிதழ்களை வாங்கி அந்த மடிக்கணினியிலேயே அனுப்பியிருக்கலாம். பத்து நிமிடம் போதும். எனக்கு வேறு வேலை இருந்தது. அதோடு, என் வேலையில் குறை சொல்ல வந்துவிட்டாரே என்று ஒரு சின்னக் கோபமும் இருந்தது. தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் போனைத் திருத்தக் கொடுத்தார். நான் சொன்னதை நம்பித்தான். கடைக்காரர் பின்னேரம் திருப்பிக் கொடுத்தபோது விண்ணப்ப நேரம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்து, "முந்தியே உங்கள்ட்ட வந்திருக்கணும், என்ட பிழதான்" என்றார். நானும் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

வேறு இரண்டு பேரும் அதே குறையை நிலையத்தில் முறையிட்டிருந்தார்கள். அப்போதும் எனக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. அந்த மென்பொருளின் முறைப்பாட்டுப் பக்கத்தில், உலகமே பார்க்கக்கூடிய இடத்தில், உங்கள் மென்பொருள் ஆட்களை நடுவழியில் விடுகிறது, உங்களுக்குப் பொறுப்பில்லையா என்று கொட்டித் தீர்த்தேன். எங்கேயோ இருக்கிற ஒருவர் பதில் எழுதினார். நான் அதை அமைத்திருக்கும் விதத்தை எழுதி அனுப்பச் சொல்லி, பொறுமையாக இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, இரண்டாவது சேர்வரில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் எழுதிய பக்கம் எப்போதும் ஓம் என்றே சொல்வதால் எங்கள் மென்பொருளுக்கு அதை அறிய வழியில்லை என்றார். பார்த்தேன். நிரம்பிப் போயிருந்தது. ஒரு விண்ணப்பத்தையும் வாங்கி வைக்க அங்கே இடமில்லை. அக்கா அனுப்பியது ஒவ்வொரு தரமும் அங்கேதான் போயிருக்கிறது. நான் சோதித்தது முதலாவது சேர்வரில்.

சில நாட்களில் அந்த மென்பொருளின் கையேட்டில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: இப்படி ஒரு பக்கத்தை வைக்காதீர்கள் என்று. என் பெயர் அதில் இல்லை. ஆனாலும் அதைக் காணும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

நிலையத்துக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பெயர்ப்பட்டியல் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள். மற்ற இரண்டு பேரும் வயதில் சின்னவர்கள், அடுத்த வருடம் போடலாம்.

கிண்ணியாவுக்குப் போகத் துணிய எனக்கு நாலு நாள் எடுத்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தார்.

"அப்ப நான் நிரப்பினது சரியா?"

"ஓம் அக்கா. எல்லாம் சரி."

"ஒண்டும் பிழ விடல்லயா?"

"இல்லை. பிழை முழுக்க என்னுடையது."

உள்ளே அவருடைய கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவளுக்கு இந்த வயதில் படிப்பு எதற்கு என்று அந்த மனிதர் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாராம். அக்கா எழும்பி முக்காட்டைச் சரிசெய்தார்.

"உள்ளுக்கு வாங்க தங்கச்சி" என்றார். "இப்ப சொன்னத இவருக்கிட்டயும் ஒருக்காச் சொல்லுங்க."